ஒத்தக் கிட்னிக்காரி

ஆட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று சோணைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடல், ஈரல், நுரையீரல், சுவரொட்டி, கிட்னி, மூளை என்று அவனும் அவன் பெண்சாதி ஒச்சம்மாளும் தினமும் கழுவி, நறுக்கி, வதக்கி இலையில் வைக்கிற உறுப்புகள்தான் அவர்களுடைய பிழைப்பு. அதனால் மதுரையில் ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, ஒச்சம்மாளுக்குக் கணையத்தில் கட்டி இருக்கிறது என்று சொன்னபோது, அந்தப் பேரில் எதையும் நாம் கழுவினதே இல்லையே என்றுதான் சோணைக்கு முதலில் தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருசம், ஆனி மாதம். திருமங்கலத்தில் விருதுநகர் ரோட்டுமேல் இருந்த ஒச்சம்மாள் மெஸ்ஸுக்கு லாரிக்காரர்கள் மத்தியில் நல்ல பேர். ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து பெஞ்சு, பின்கட்டில் மூன்று விறகடுப்பு, அவ்வளவுதான் கடை. நாலுவழிச் சாலைக்காக ரோட்டை இரண்டு பக்கமும் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். காற்று கிளம்பினால் கிராவல் புழுதி அப்படியே எழும்பி வந்து குழம்புச் சட்டியை எட்டிப் பார்க்கும். ஒச்சம்மாள் பழைய சேலைகளை நனைத்துத் தட்டியாகக் கட்டியிருந்தாள். அதையும் மீறி இலையில் மண் விழுகிறது என்று யாராவது முணுமுணுத்தால், "ரோடு போடுறவனும் இங்கதான்டா திங்கிறான். அவன் மண்ணை நீயும் ரெண்டு வாய் தின்னு" என்பாள். ஆள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி சுக்கா வாங்கிக்கொண்டு போவான்.

வாயாலேயே பாதி வியாபாரம் பார்க்கிறவள் அவள். தனக்குத் தானே ஒரு பட்டப்பேரும் வைத்திருந்தாள். கிட்னி வறுவல் வைக்கும்போதெல்லாம், "ஆட்டுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. ஒத்தக் கிட்னிக்காரி கையால தின்னா உனக்கு ஒண்ணும் வராது" என்பாள். அந்தப் பேர் தூத்துக்குடி வரைக்கும் போயிருந்தது.

அந்தக் கிட்னி போனது தொண்ணூற்று நாலில். மூத்திரத்தில் ரத்தம் வந்ததென்று மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இடது கிட்னியை எடுத்தார்கள். ஆபரேசன் முடிந்து சோணையைத் தனியாகக் கூப்பிட்ட டாக்டர், அது கேன்சர் கட்டி என்றும், முழுசாக எடுத்தாகிவிட்டது என்றும், இருந்தாலும் வருசாவருசம் வந்து காட்ட வேண்டும் என்றும் பொறுமையாகச் சொல்லியனுப்பினார். அவர்கள் தெருவில் அதற்கு முந்தின வருசம்தான் பேயாண்டி என்கிற கொத்தனார், தனக்குக் கேன்சர் என்று காதில் விழுந்த அன்றைக்குக் கஞ்சியைத் தள்ளிவைத்தவன், திரும்பச் சாப்பிடாமலே செத்துப்போயிருந்தான். நோயைவிட அந்த வார்த்தைதான் ஆளைக் கொல்கிறது என்பது சோணையின் தீர்மானம். அவள் கட்டிலுக்குப் போய், கிட்னியில் சீழ் கட்டியிருந்ததாம், எடுத்துவிட்டார்களாம் என்று சொன்னான். வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக் காகிதங்களை அடுப்பில் போட்டான். இரண்டு வருசம் எதையெதையோ சொல்லி டெஸ்டுக்குக் கூட்டிப்போனான். மூன்றாவது வருசம், சீழ் எடுத்த புண்ணுக்கு எதற்கு இம்புட்டு டெஸ்ட் என்று அவள் வர மறுத்துவிட்டாள். அப்படியே விட்டுவிட்டான்.

பதினோரு வருசம் ஒன்றும் இல்லை. இந்தப் பங்குனியிலிருந்துதான் அவளுக்கு ரவிக்கை தொளதொளத்தது. இடப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு வலி, முதுகுக்கு ஏறி இறங்கியது. சர்க்கரை புதிதாக வந்தது. உள்ளூர் டாக்டர் மதுரைக்கு அனுப்பினார்.

மதுரை டாக்டர் முதலில், முன்னே ஏதாவது ஆபரேசன் நடந்திருக்கிறதா என்றுதான் கேட்டார். ஒச்சம்மாளே முந்திக்கொண்டு, கிட்னியில் சீழ் கட்டியதை எடுத்த கதையைச் சொன்னாள். டாக்டர் சோணையைப் பார்த்தார். சோணை தரையைப் பார்த்தான். கணையத்தில் வருவது பொல்லாத சாதி என்றார் டாக்டர். ஊசிவிட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியும், ஆனாலும் மனசைத் தயார்பண்ணிக்கொள்வது நல்லது என்றார். சோணையை மட்டும் வெளியே கூப்பிட அவர் எழுந்தபோது ஒச்சம்மாள் விடவில்லை.

"என்னன்னாலும் என் மொகத்தைப் பார்த்துச் சொல்லுங்கய்யா. எம்புட்டு நாளு?"

ஆறு மாதம், கூடினால் ஒரு வருசம் என்றார். ஊசியெல்லாம் வேண்டாம், குத்திப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று எழுந்துவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திருப்பரங்குன்றம் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. சோணை கஞ்சியைத் தள்ளிவைத்த பேயாண்டியையே நினைத்துக்கொண்டு வந்தான். மலை பின்னால் போனதும் அவன் பக்கம் திரும்பினாள். மகள் பிறந்தபோது அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்புக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்ததைச் சொன்னாள். இருபத்தெட்டு வருசமாகக் கடையை மூட முடியாமல் தள்ளித் தள்ளிப் போனது. ஆடியில் போட்டுவிடுவோம், நம் கடையில் கைநனைத்த ஒருத்தனையும் விடாமல் கூப்பிடுவோம் என்றாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. கல்யாணம் வைத்த வீட்டுப் பொம்பளை மாதிரி, திருமங்கலம் வந்து இறங்கும்வரை எத்தனை கிடா, எத்தனை மூட்டை அரிசி, யார் மிளகாய் அரைப்பது என்று பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து பழைய சோற்றில் மோரை ஊற்றி, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு ஒரு கும்பா சாப்பிட்டாள். சோணைக்குத்தான் இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆட்டுக்கறிக் கடைக்குப் போனான். நாகூர் கனி பாய் அப்போதுதான் தோலுரித்து முடித்திருந்தார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவர்களுக்குக் கறி கொடுப்பவர், ஒச்சம்மாளுக்கு உடன்பிறந்தவர் மாதிரி. கணையம் என்று ஒன்று ஆட்டுக்கு உண்டா என்று சோணை கேட்டான். பாய் குடலைப் புரட்டி, சுவரொட்டிக்குப் பக்கத்தில் வெளுத்து நாக்குப் போல ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சதையைக் காட்டினார்.

"இதுதாண்ணே. ஒண்ணுக்கும் ஆகாது, நாய்க்குப் போடுறது. எதுக்குக் கேக்குறீக?"

சோணை சொன்னான். பாய் கத்தியைக் கீழே வைத்தார். வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அல்லா லேசாக்கி வைப்பான்" என்றார்.

ஒச்சம்மாளோ யாரிடமும் மறைக்கவில்லை. இலை போடும்போதே சொல்லிவிடுவாள். தனக்குக் கேன்சராம், ஆறு மாதமாம், ஆடிப் பௌர்ணமிக்கு அழகர்கோவில் வந்துசேர வேண்டும், வராதவன் இலையில் இனிமேல் எலும்புதான் விழும். கேட்டவன் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து பார்ப்பான். அவள் பாட்டுக்கு அடுத்த இலைக்குப் போவாள். வலி வந்தால் அரிசி மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள், போனதும் எழுந்து மசாலாவுக்கு உப்புப் பார்ப்பாள். சோணை இதையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வார்த்தை அவளைக் கொன்றுவிடும் என்று பதினோரு வருசம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தானோ, அந்த வார்த்தையை அவள் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டு சோறு போடுகிறாள். அப்படியென்றால் தான் யாருக்காக மறைத்தோம் என்ற கேள்வி அவனைப் பிடுங்க ஆரம்பித்தது. அன்றைக்கு விட்ட டெஸ்டுகளால்தான் பழையது எங்கோ ஒளிந்திருந்து திரும்ப வந்துவிட்டதோ என்றும் நினைத்தான். தல்லாகுளத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் தங்கப்பொண்ணு அங்கே ஒரு பெண் டாக்டரை விசாரித்து வைத்திருந்தாள். அதற்கும் ஒச்சம்மாள் பிடிகொடுக்கவில்லை.

ஆடிப் பௌர்ணமிக்கு இரண்டு லாரிகளை டிரைவர்களே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாத்திரமும் விறகும் ஒன்றில், சனமெல்லாம் இன்னொன்றில். மேலூர்ப் பக்கத்து டிரைவர்கள் நேராகவே வந்துவிட்டார்கள். அழகர்மலைக் காற்று தோப்புக்குள் புகுந்து அடுப்பு நெருப்பைப் படுக்கப்போட்டு விரட்டியது. உறுமிக்காரர்கள் ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம், வாழைப்பழத் தாரைக் குறிவைத்த குரங்குகள் ஒரு பக்கம். கிடாக்களைச் சந்தையில் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தது கனி பாய்தான். சாமிக்கு வெட்டினதை அவர் சாப்பிட மாட்டார் என்பதால், அவரே தன் கடையில் அறுத்துக் கொண்டுவந்த கறிக்கு ஒச்சம்மாள் ஒரு புளியமரத்தடியில் தனி அடுப்பு மூட்டச் சொல்லியிருந்தாள். தீட்டாத அரிவாள் எது, வேகாத பானை எது என்று கையில் அகப்பையோடு தோப்பு முழுக்க நடந்தாள். அவளைப் பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது.

வெட்டுக்கு முன்னால் சாமி கும்பிடக் கருப்பு வாசலுக்குப் போனார்கள். அங்கே சிலை கிடையாது. சந்தனம் அப்பிய பெரிய கதவுகள், மூடியே கிடக்கும். அதுதான் கருப்பு. சுற்றுப்பட்டு ஊர்களில் தீராத வழக்கென்றால் அந்த வாசலுக்குத்தான் வருவார்கள். பொய்யனும் அங்கே வாய் திறக்க மாட்டான். ஒச்சம்மாள் சூடத்தை ஏற்றிவிட்டு, கைகூப்பி, பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவது மாதிரி உரக்கப் பேசினாள். மகளைக் கொடுத்ததற்கு நன்றி சொன்னாள். கடையைக் காப்பாற்றியதற்குச் சொன்னாள். பிறகு, "அன்னைக்கு ஒரு கிட்னியில சீழோட விட்டுட்டியே, அப்பவே பெரிய வியாதியா வராம இம்புட்டு வருசம் கொடுத்தியே கருப்பா, அதுக்கு நான் கொறையே சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சோணையைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் ஒரு வார்த்தை சொல்லு மாமா."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. சோணை கதவைப் பார்த்தான்.

"அது சீழு இல்ல புள்ள."

"என்னது?"

"கிட்னியில வந்தது சீழு இல்ல. கேன்சர்தான். அன்னைக்கே டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. நான்தான் மறைச்சேன்."

"யோவ், கருப்பு வாசல்ல வெளையாடாத."

"வெளையாடல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கப்பொண்ணு ஓடிவந்து தாங்கினாள். சோணை கதவுக்குப் பக்கத்தில் நின்று அழுதான். அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் உடம்பு, என் நோவு. எங்கிட்டச் சொல்ல உனக்கு வாய் வரல, இல்ல?" என்றாள் மெதுவாக. பிறகு வேறு குரலில் கேட்டாள்: "அப்ப, நான் கேன்சர் வந்து பதினோரு வருசம் இருந்தவளா?"

"ஆமா."

"அது தெரியாமயேவா இம்புட்டு அடுப்பு எரிச்சேன்?"

அவள் மகளின் தோளைப் பிடித்து எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுத் தோப்புக்கு நடந்தாள். அன்று முழுக்கச் சோணையிடம் பேசவில்லை. கிடா விழுந்தது, சோறு வெந்தது, பந்தி பந்தியாகச் சனம் உட்கார்ந்து எழுந்தது. நின்று பரிமாறினாள். சோணைக்கும் இலை போட்டாள், முகத்தைப் பார்க்காமல் ஈரலை வைத்தாள். பொழுது சாயப் பாத்திரங்களை லாரியில் ஏற்றும்போது மகளைக் கூப்பிட்டு, நாளைக்கு அந்தப் பொம்பளை டாக்டரைப் பார்க்கப் போவோம் என்றாள். ஒருதரம் ஜெயித்திருக்கிறோம், இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துபோகிறது என்பது அவள் கணக்கு.

டாக்டர் வசுந்தரா நடுவயசுக்காரர், பட்டுநூல்காரக் குடும்பத்துப் பெண், மதுரைப் பேச்சு. தங்கப்பொண்ணு கொடுத்த ஸ்கேன் உறையைப் பிரிக்காமல் முதலில் கதையைத்தான் கேட்டார். இந்தத் தடவை சோணை முந்திக்கொண்டான். ஒன்றுவிடாமல் சொன்னான், காகிதத்தை எரித்ததையும் சொன்னான். கேட்டுக்கொண்டே படத்தை எடுத்து விளக்கில் மாட்டின டாக்டர், பேச்சின் நடுவே எழுந்து படத்துக்குக் கிட்டத்தில் போய் நின்றார். உதவிக்கிருந்த நர்சைக் கூப்பிட்டு இன்னொரு படத்தையும் மாட்டச் சொன்னார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. சோணை பயந்துபோனான்.

"அம்மா, இங்க வாங்க" என்றார் டாக்டர். "ரத்தக்குழாயில மருந்து ஏத்திட்டுத்தானே இந்தப் படம் எடுத்தாங்க? சாதாரணமா கணையத்துல வர்ற கேன்சருக்கு ரத்த ஓட்டம் கம்மி, மங்கலாத்தான் தெரியும். உங்களுது பாருங்க, பல்பு போட்ட மாதிரி இருக்கு. கிட்னியில வர்ற கட்டிதான் இப்படி ரத்தத்தைக் குடிச்சு வெள்ளையாத் தெரியும்."

"அப்படின்னா?"

"கணையம் தானா கெட்டுப்போகல. உங்க பழைய கிட்னிக் கட்டியோட விதை ஒண்ணு அன்னைக்கே இங்க வந்து விழுந்து, இத்தனை வருசம் தூங்கிட்டு, இப்பத்தான் முளைச்சிருக்கு. சில பேருக்கு இப்படி வரும். ஊசி டெஸ்ட் செஞ்சுதான் உறுதியாச் சொல்வேன். ஆனா அதுவா இருந்தா, ரொம்ப மெதுவா வளர்றது. வேற எங்கயும் பரவலைன்னா வெட்டி எடுத்துறலாம். எடுத்தவங்க வருசக்கணக்கா நல்லா இருக்காங்க."

எது கெட்ட செய்தி, எது நல்ல செய்தி என்று சோணைக்குப் பிடிபட நேரமாயிற்று. பழையது திரும்பியிருந்தால் அதுதான் பெரிய ஆபத்து என்றல்லவா இத்தனை நாள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தான். ஒச்சம்மாள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். ஊசியை இன்றைக்கே குத்துங்கள் என்று ரவிக்கைக் கையை மடக்கினாள். அது கையில் குத்துகிறது இல்லை, முதுகுப்பக்கமாக ஸ்கேன் பார்த்துக்கொண்டே குத்துவது என்று டாக்டர் சிரித்தார்.

ஊசி டெஸ்டின் முடிவு வந்த அன்று மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். தங்கப்பொண்ணு தல்லாகுளத்திலிருந்து போன் பண்ணினாள். சோணை ரிசீவரைக் காதில் வைத்தான், கேட்டான், வைத்தான். அடுப்படியில் நின்றவளைப் பார்த்து, "பழசுதானாம் புள்ள, கிட்னியிலிருந்து வந்ததுதானாம்" என்றான். குரல் உடைந்து, நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எச்சில் கையோடு டிரைவர்கள் எழுந்து நின்றார்கள். விசயம் புரிந்தவன் புரியாதவனுக்குச் சொன்னான். ஒருவன் வெளியே ஓடி லாரியில் ஏறி ஆரனை அமுக்கினான். அதைக் கேட்டு அடுத்த லாரிக்காரனும் அமுக்கினான். ரோட்டு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். என்ன விசேசம் என்று கேட்டவர்களுக்கு, ஒச்சம்மாளுக்குப் பழைய கேன்சர்தானாம் என்று பதில் கிடைத்தது. அவர்கள் முழித்தார்கள். அதற்கெல்லாம் விளக்கம் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை, உட்கார வைத்து இலை போட்டார்கள். கனி பாய் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து, "தெரிஞ்ச பயதான் தங்கச்சி, ஒரு கை பார்த்துறலாம்" என்றார். ஒச்சம்மாள் அகப்பையை வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு, அந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக அழுதாள்.

ஆவணியில் ஆபரேசன். என்ன எடுப்பீர்கள் என்று ஒச்சம்மாள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கணையத்தின் வால் பாகம், அதை ஒட்டியிருக்கிற மண்ணீரல். மண்ணீரல் என்றால் என்ன என்று திகைத்தவளுக்குச் சுவரொட்டி என்று சோணை சொன்னான். அது போனால் காய்ச்சல் சுலபமாகத் தொற்றும் என்று முன்கூட்டியே தடுப்பூசிகள் போட்டார்கள். காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் மத்தியானம் தாண்டியும் கதவைத் திறக்கவில்லை. வராண்டாவில் சோணை உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நடந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், உள்ளே யார், என்ன வியாதி என்று விசாரித்தார். "என் பெண்சாதி. கேன்சர். கிட்னியில வந்து கணையத்துக்குப் போயிருச்சு" என்றான். அந்த வார்த்தை இவ்வளவு லேசாக வாயைவிட்டு வெளியே வரும் என்று அவனுக்கே தெரியாது. கதவு திறந்து டாக்டர் வசுந்தரா வந்தார். சுத்தமாக வந்துவிட்டது என்றார். சோணை அந்தப் பெரியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். இது திரும்ப வரலாம், வராமலும் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒச்சம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்கம்மா. இந்தாளுகிட்டச் சொன்னீகன்னா, வெளிய எடுக்க ஒரு கிடா வெட்டணும்" என்றாள். சோணை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

சொன்னபடி ஒரு தவணையைக்கூட அவர்கள் விடவில்லை. இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில் மூன்றாவது வருசப் படம். அன்று மதுரையில் நல்ல மழை. தல்லாகுளம் ரோட்டில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. டாக்டர் அறைக்கு ஒச்சம்மாள் மட்டும் போனாள், அதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு. வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சோணை எழுந்தான்.

"என்ன சொன்னாக?"

"டீ குடிப்போம், வா."

எதிரிலிருந்த டீக்கடைக்குத் தண்ணீரில் இறங்கி நடந்தாள். சோணை பின்னாலேயே போனான். தனக்குச் சர்க்கரை இல்லாமலும் அவனுக்கு ஸ்ட்ராங்காகவும் சொன்னாள். மாஸ்டர் ஆற்றினார். டம்ளரை வாங்கி, ஊதி ஊதி, ஒரு மிடறு குடித்துவிட்டு மழையைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, சொல்லு. உசுரு போகுது."

"பதினோரு வருசம் நீ வச்சிருந்த. ஒரு டீ குடிக்கிற வரைக்கும் நான் வச்சிருக்கக் கூடாதா?"

மறுபடியும் ஊதினாள். அவசரமே இல்லை. சோணை அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி மிடறு வரைக்கும் குடித்தாள். டம்ளரை மேசையில் வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"ஒண்ணும் இல்லையாம் மாமா. சீக்கிரம் குடி, குடலைக் கழுவச் சுண்ணாம்புல ஊறப்போட்டுட்டு வந்திருக்கேன்."